கடை மூடும் நேரத்து மங்களம்

பாட்டை விலை கொடுத்து வாங்கிய ஒருவர், அதைத் தம் கடையில் ஒலிக்கவிடத் தனியே உரிமம் பெற வேண்டும். இந்தத் தலைப்பில் பேசச் சொன்னால், ஒட்டிப் பேசினாலும் வெட்டிப் பேசினாலும் எந்தக் கல்லூரி மேடையிலிருந்தும் கோப்பையோடு இறங்குவேன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது; இன்றும் இருக்கிறது. சித்தூர்க் கடைவீதியில் கல்யாணப் பட்டு விற்கும் ஒருவரிடம் அதையே பேசினேன். வாதத்தில் வென்றேன். வென்ற கையோடு வாசலுக்கு வந்துவிட்டேன்.

“இந்தாம்மா, பென்டிரைவ் என்னுது. ஸ்பீக்கர் என்னுது. கடை எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்களுது. நடுவுல நீ எங்கேர்ந்து வந்தே?” என்றார் அந்தக் கடைக்காரர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். எங்களிடம் பேசும்போது தமிழுக்கு மாறிக்கொண்டார்.

நான் நிதானமாக அடுக்கினேன். வீட்டில் கேட்க வாங்கிய பாட்டு வீட்டோடு சரி. வியாபாரம் நடக்கும் இடத்தில், வருவோர் போவோர் காதில் விழும்படி வைத்தால், மெட்டமைத்தவர், பாடியவர், பதிவு செய்தவர் ஆகியோரின் அனுமதி வேண்டும். அவர்களைத் தேடிப் போக ஒரு கடைக்காரருக்கு நேரம் ஏது? அந்த வேலையை நாங்கள் செய்கிறோம். வாத்தியக்காரர்களிடம் எழுத்தில் உரிமை பெற்று, நாங்களே பதிவு செய்து, கடைக்கு ஏற்றபடி தொகுத்து, ஒரு சிறு பெட்டியின் வழியே நாள் முழுவதும் தருகிறோம்.

அவர் முழுவதையும் கேட்டார். இடையில் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை.

“கரெக்டேம்மா. நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா வேணாம்.”

இப்படியொரு பதிலுக்கு எந்த நடுவரும் என்னைப் பழக்கியிருக்கவில்லை. எதிரணி ஒப்புக்கொண்டபின் பேச்சு முடிந்துவிடும், கைதட்டல் வரும். இங்கே ஒப்புக்கொண்டவர் எழுந்து போய் ஒரு வாடிக்கையாளருக்குச் சேலை காட்டத் தொடங்கிவிட்டார்.

படியிறங்கும்போது, கூட வந்திருந்த என் தோழி சொன்னாள்: “ஜெயிச்சிட்டேடி. வா, போய் எதனா துன்னலாம்.”

நான் நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. மேடைத் தமிழைத் தேடி எல்லை தாண்டித் திருத்தணிக்கும் வேலூருக்கும் போட்டிகளுக்குப் போய்வந்து கற்றேன். தோழி திருவள்ளூர்க்காரி. திருப்பதிக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் என் பக்கத்து இருக்கை. படிப்பு முடிந்ததும் அவள் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தாள். இசைப்பெட்டி அவள் செய்தது. உள்ளங்கையில் அடங்கும், ஆம்ப்ளிஃபையரில் செருகினால் போதும். எந்த நேரத்தில் எந்தப் பதிவு ஒலிக்க வேண்டும் என்பதைத் திருப்பதியில் எங்கள் அறையில் இருந்தபடியே மாற்றலாம். கருவி அவளுடையது, சொல் என்னுடையது என்று பங்கு பிரித்துக்கொண்டோம். இந்தப் பங்கீட்டில் எனக்கு ஓர் அகந்தை இருந்ததை மறைக்கவில்லை. பெட்டியை யாரும் செய்துவிடலாம், ஒப்பந்தத்தை என்னைப்போல் யாராலும் பேசிவிட முடியாது என்று எண்ணினேன்.

ஆனால் இதில் எதையாவது இழக்கக்கூடியவள் அவள்தான். சம்பளமில்லா விடுப்பில் வந்திருந்தாள். மாதக் கடைசிக்குள் ஒரு கடையாவது ஓராண்டுக்குக் கையெழுத்திட்டால் வேலையை விடுவாள். இல்லையென்றால் தொழிற்சாலைக்குத் திரும்பிவிடுவாள். அவள் அப்பாவுக்கும் அவளுக்கும் இடையே அப்படித்தான் முடிவாகியிருந்தது. அவள் போய்விட்டால் பெட்டி போய்விடும். பெட்டி போனால் என்னிடம் மிஞ்சுவது ஒரு நல்ல சொற்பொழிவு.

முதல் வாரங்களில் திருப்பதியில் அலைந்தோம். விடுதி மேலாளர்கள் எங்களை நன்கொடை கேட்க வந்தவர்களாக எண்ணினார்கள். பல் மருத்துவர் ஒருவர் மட்டும் ஆர்வமாகக் கேட்டார்: “உள்ள ட்ரில் ஓடறது வெளிய உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்காத மாதிரி ஏதாவது இருக்கா?” இல்லை என்று உண்மையைச் சொன்னேன். கேட்டாலும் பயப்படாத மாதிரி ஒன்று தரலாம் என்று தோழி சேர்த்தாள். அவர் சிரித்தார்; காத்திருப்போர் வாய் வீங்கியபடி எங்களைப் பார்த்தார்கள்; அதற்குமேல் அங்கே எதுவும் நடக்கவில்லை.

சித்தூர்க் கடைக்கு இரண்டாம் முறை போனபோது என்னைப் பேச வேண்டாம் என்று தோழி கேட்டுக்கொண்டாள். அவள் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்: “சார், ஒரு வாரம் வெச்சுப் பாருங்க, புடிக்கலன்னா எடுத்துக்கினு போய்க்கினே இருப்போம்.”

கடைக்காரர் யோசித்தார். சினிமாப் பாட்டு கூடாது, விற்பனையாட்கள் கூடவே பாடிக்கொண்டு முந்தானையைத் தப்பாக மடிக்கிறார்கள் என்றார். சோகம் கூடாது. வாடிக்கையாளர் பேச்சைவிடச் சத்தம் கூடாது. கல்யாணப் பட்டு என்பதால் நாதஸ்வரம் இருந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் தோழி தலையசைத்தாள். வெளியே வந்ததும், நாதஸ்வரத்தைச் சத்தமில்லாமல் எப்படித் தருவாய் என்று கேட்டேன்.

“அத்த அப்பறம் பாக்கலாம். மொதல்ல சரின்னாரில்ல?”

நாராயணவனத்தில் நாதஸ்வரம் வாசிக்கும் ஒரு பெண்மணியைத் தேடிப் போனோம். கோயில் விசேஷங்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாசிப்பவர். கணவர் தவில். இருவரும் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார்கள். நாங்கள் அந்தப் பெண்மணியை அக்கா என்றும் அவர் கணவரை மாமா என்றும் அழைத்தோம். பின்னணி இசை என்றால் என்ன என்று நான் விளக்கியதும், அக்கா புருவத்தை உயர்த்தினார்.

“பின்னாடியா? புறப்பாட்டுல நான்தாம்மா முன்னாடி போவேன். சாமியே எனக்குப் பின்னாடிதான் வருவாரு.”

“அவளை மெல்லமா வாசிக்கச் சொல்லிக்கினு எத்தினி பேரோ வந்தாங்க,” என்றார் மாமா. “ஒருத்தரும் திரும்பி வரல.”

ஒப்பந்தத்தை நான் வாசித்துக் காட்டினேன். வாசிக்கப்போகும் உருப்படிகளை அதில் ஒவ்வொன்றாக எழுதியிருந்தேன்: ஊஞ்சல் மெட்டுகள், நலங்கு மெட்டுகள், தாலாட்டுகள், காலைக்கும் மாலைக்கும் உரிய ராக ஆலாபனைகள். பழைய மெட்டுகள் யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் அக்காவின் மூச்சிலும் மாமாவின் விரலிலும் பிறக்கும் அந்த வாசிப்பு அவர்களுடையது. அதைக் கடைகளில் ஒலிக்கவிடும் உரிமையை மட்டும் கேட்கிறோம். ஒவ்வொரு கடையின் வருமானத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. குரல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்தேன். “நல்லாப் படிக்கறே,” என்றார் அக்கா. “தாளம்தான் இல்ல.” கையெழுத்திட்டார்.

சத்தத்துக்குத் தோழி ஒரு வழி கண்டாள். அவர்கள் கூடத்தில் வாசிக்க, மைக்கை அடுக்களையில் வைத்தாள். சுவரைத் தாண்டி, கதவிடுக்கில் நுழைந்து வந்த நாதஸ்வரம், பக்கத்துத் தெருக் கல்யாணத்தைப்போல் இதமாகப் பதிவானது. மின்விசிறியை நிறுத்தி, குக்கரை இறக்கி, பல நாட்கள் போய்வந்து முடித்தோம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், அக்கா நாதஸ்வரத்தின் சீவாளியை ஒருமுறை நனைத்துக்கொண்டு மங்களம் வாசிப்பார். அது எங்களுக்காக அன்று. மங்களம் வாசிக்காமல் வாத்தியத்தை உறையில் போடும் பழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. நாங்கள் எழுந்து நிற்போம். அடுக்களையில் மைக் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒலிகளை வெட்டித் தனித்தனியாக்கிப் பெட்டியில் ஏற்றியவள் தோழி. அவள் காதுக்கு எல்லாமே நாதஸ்வரம். எல்லாவற்றையும் கலந்து ஒலிக்கும்படி அமைத்துவிட்டாள்.

கடையில் பெட்டி வைத்த அன்று முற்பகல் சிறப்பாகப் போயிற்று. வெள்ளை மெத்தையில் அமர்ந்து சேலை விரிக்கும் விற்பனையாட்கள் தம்மையறியாமல் நிதானமாக விரித்தார்கள். கடைக்காரர் இரண்டு முறை ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். நான் மனத்துக்குள் நன்றியுரையை எழுதத் தொடங்கிவிட்டேன்.

மதியம், கடை நிறைந்திருந்த நேரத்தில் மங்களம் ஒலித்தது.

முதலில் ஒரு முதிய விற்பனையாளர் கையிலிருந்த சேலையை மடித்தார். பக்கத்தில் இருந்தவரும் மடித்தார். எதிரே அமர்ந்திருந்த அம்மாள் கைகூப்பிக் கண்ணை மூடித் திறந்து, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவரோடு வந்தவர்கள் எழுந்தார்கள். அடுத்த மெத்தையிலும் எழுந்தார்கள். யாருக்கும் கோபமில்லை, யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. கச்சேரி முடிந்தாற்போல், சாமி தரிசனம் முடிந்தாற்போல், செருப்பைத் தேடிக்கொண்டு நல்லபடியாக வெளியே போனார்கள். விரித்த பட்டுகளுக்கு நடுவே கடைக்காரர் தனியே நின்றார்.

“ஏம்மா,” என்றார் மெதுவாக, “ஆடித் தள்ளுபடியில கூட இவ்வளவு சீக்கிரமா கடை காலியானது இல்ல.”

தோழி ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்தாள். அவள் முகத்தில் ஸ்ரீசிட்டிப் பேருந்து தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கழற்றச் சொன்னேன்.

“இரு, இரு,” என்றார் கடைக்காரர். “அந்த லாஸ்ட்ல வந்தது என்ன? அதை எடுத்துட்டுப் போயிடாதே.”

அவர் சொன்னதன் சாரம் இது. கடை மூடும் வேளையில் வாடிக்கையாளர்கள் எழுவதில்லை. எழுந்து போங்கள் என்று சொல்வது கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்தவர்களை அவமதிப்பதாகும். விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். ஒரு குடும்பம் சண்டைக்கு வந்துவிட்டது. இதற்கிடையில் பாகாலாவுக்குப் போக வேண்டிய விற்பனைப் பெண்கள் பேருந்தை விட்டுவிடுகிறார்கள். இருவர் அதனாலேயே வேலையை விட்டு நின்றும் விட்டார்கள். “வாயைத் திறக்காம எல்லாரையும் சந்தோஷமா எழுப்புது. தினம் எட்டரைக்கு அதைப் போடு. ஒரு வாரம் நல்லாப் போச்சுன்னா, முழு வருஷத்துக்கும் கையெழுத்துப் போடறேன்.”

தோழி என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கோ ஒப்பந்தத்தின் வரிகள் கண்முன் ஓடின. ஊஞ்சல், நலங்கு, தாலாட்டு, ஆலாபனை. மங்களம் அதில் இல்லை. நாங்கள் கேட்கவில்லை, அக்கா கொடுக்கவும் இல்லை. அவர் வாசித்தது அவர் வாத்தியத்துக்காக.

“சார், அதுக்கு இன்னும் எங்ககிட்ட உரிமம் இல்ல. கேட்டுட்டு வரோம்,” என்றேன்.

“யாருக்கும்மா தெரியப் போவுது?”

“உங்களுக்குத் தெரியுமே சார். நாளைக்கு எங்க பேப்பரை நீங்க எப்படி நம்புவீங்க?”

அவர் சிரித்தார். “பேசறதுக்குன்னே பொறந்திருக்கே. போ, கேட்டுட்டு வா.”

நாராயணவனம் போகும் வழியெல்லாம் ஓர் உரையைத் தயார் செய்தேன். முன்னுரை, மூன்று காரணங்கள், உருக்கமான முடிவு. புத்தூரில் பேருந்து மாறியபோது தோழி கேட்டாள்: “இன்னாடி தானா பேசிக்கினு வரே? ஜனங்க பாக்கறாங்க.”

கடையில் நடந்ததைச் சொன்னதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அடுக்களையிலிருந்த மாமாவைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். “நடுப்பகல்ல மங்களமா? கடைக்காரரு உங்கள அடிக்கலியா?” என்றார் மாமா. அதன்பின் நான் உரையைத் தொடங்கினேன். விற்பனைப் பெண்களின் பேருந்தைச் சொன்னேன். வாத்தியத்தின் பெருமையைச் சொன்னேன். முடிவுரைக்கு முன் இன்னொரு முறை அந்தப் பேருந்துக் கதைக்கே போனேன்.

“உன் பேச்சுக்கு மங்களம் எப்பம்மா?” என்றார் அக்கா.

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தினேன்.

அக்கா வாத்திய உறையை எடுத்து மடியில் வைத்துத் தடவினார். சிரிப்பு போய்விட்டிருந்தது. “மத்ததெல்லாம் நீ எப்படி வேணா வெச்சுக்க. இது அப்படியில்ல. இத்த வாசிச்சா அன்னிக்கு அவ்ளோதான். அப்பறம் யாரு வந்து எத்தினி கேட்டாலும் நாங்க வாத்தியத்தைத் தொட மாட்டோம். கடையில எப்படி? வியாபாரம் வந்தா மறுபடியும் பாட்டு போடுவாங்க இல்ல?”

“போட மாட்டாங்கன்னு எழுதி வாங்கறேன்க்கா.”

“எழுதறது கெடக்கட்டும். போட வந்தா நீ வேணாம்னு சொல்லுவியா?”

சொல்வேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு இரண்டு நிபந்தனைகள் சொன்னார். முழுதாக ஒலிக்க வேண்டும்; பாதியில் நறுக்கக் கூடாது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் அன்று வேறு எந்தப் பாட்டும் ஒலிக்கக் கூடாது. “ஃபோன்ல ரிங் வந்தா?” என்று மாமா கேட்டார். “அத்த வுட்டுரு,” என்றார் அக்கா. இரண்டையும் ஒப்பந்தத்தின் கீழே என் கையால் எழுதினேன்; அவர் கையெழுத்திட்டார்.

கடைக்காரரிடம் நிபந்தனைகளைச் சொன்னபோது, “சரே, சரே,” என்று கையசைத்தார். முதல் சில மாலைகள் சொன்னபடியே நடந்தன. எட்டரைக்கு மங்களம் தொடங்கும்; வாடிக்கையாளர்கள் மெல்ல எழுவார்கள்; சிலர் ஸ்பீக்கரைப் பார்த்துக் கைகூப்புவார்கள். பாகாலாப் பெண்கள் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பேருந்துக்கு விரைவார்கள்.

வாரத்தின் கடைசி மாலை மங்களம் முடிந்து, முதிய விற்பனையாளர் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வேன் வந்து நின்றது. ராமகுப்பத்திலிருந்து ஒரு கல்யாணக் குடும்பம். மணப்பெண், தாய், தந்தை, அத்தைமார், சித்திமார் எனக் கடை ஒரே வீச்சில் நிறைந்தது. வழியில் டயர் பஞ்சராகித் தாமதமாம். கடைக்காரர் முகம் மலர்ந்தது. விற்பனைப் பெண்களைப் பேருந்துக்கு அனுப்பிவிட்டு, முதியவரைப் பட்டுகளை எடுத்துவந்து விரிக்கச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“பாட்டு போடும்மா.”

“இன்னிக்கு முடியாது சார்.”

“கல்யாணப் பார்ட்டிம்மா. பாட்டு இல்லாம கடை வெறிச்சுனு இருக்கு. அந்த ஊஞ்சல் பாட்டு போதும்.”

“மங்களம் ஆயிடுச்சு சார்.”

“சரி, நான் என் ஃபோன்லேர்ந்து போட்டுக்கறேன்.” பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

அக்கடை அவருடையது, அவரைத் தடுக்க எனக்கு என்ன அதிகாரம்? அருகில் தோழி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய விடுப்பு முடியப் போகிறது. கையெழுத்து நாளை காலை ஆக வேண்டியது. நான் விட்டுக்கொடுத்தால் அக்காவுக்குத் தெரியவே தெரியாது. அவளைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து, தலையை இடம் வலமாக மெல்ல அசைத்தாள். கூடாது என்றாள்.

“அப்படிப் போட்டீங்கன்னா, நாளையிலேர்ந்து எங்களால மங்களம் தர முடியாது சார்,” என்றேன். காரணம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

கடைக்காரர் ஃபோனைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. மணப்பெண்ணின் தாய், “ஏமய்யா, ஏமி ஆயிந்தி?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி, அவர் ஃபோனைக் கல்லாப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு மெத்தைக்குப் போனார்.

இசையில்லாத கடையை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். பட்டு விரியும் ஒலி, வளையல் ஒலி, ஒரு சித்தி இன்னொரு சித்தியின் காதில் சொன்ன நிறம் எல்லாம் கேட்டன. மணப்பெண்ணின் தந்தை பட்டுப்புழு வளர்ப்பவர். ஒரு சேலையின் ஓரத்தை விரலிடையில் உருட்டி, “இதி மா ஊரி தாரமேமோ,” என்றார். எங்கள் ஊர் நூலாக இருக்குமோ என்ற அந்தக் கேள்வியில் எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் அந்த நூல் வந்த வழியைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நேரம் போயிற்று. மணப்பெண் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வேறு எதையும் பார்க்கவில்லை.

வேன் போனபின், கடைக்காரர் விரிந்து கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார்.

“நாளையிலேர்ந்து ஒரு கால்மணி தள்ளி வை,” என்றார். “டயர் பஞ்சராகி வரவங்களும் இருப்பாங்க.”

“வைக்கிறோம் சார்,” என்றாள் தோழி.

“பேப்பர் இருக்கா, காலையிலதான் கொண்டு வருவியா?”

ஒப்பந்தம் என் பையில் இருந்தது. ஓராண்டுக்கு. வாசித்துக் காட்ட வாயெடுத்தேன்; தோழி என் காலை மிதித்தாள். அவர் கையெழுத்திட்டார்.

சித்தூர்ப் பேருந்து நிலையத்தில் திருப்பதி வண்டிக்காக நின்றபோது அவள் அப்பாவை அழைத்தாள். “நைனா, ஆயிட்சி. கையெழுத்துப் போட்டாரு. ஆமா, ஒரு வருஷம்… இல்ல நைனா, இனிமே ஸ்ரீசிட்டி போகல… அவதான், பக்கத்துலதான் நின்னுக்கினு கீறா… இல்ல, இன்னிக்கி ரொம்பப் பேசல.” அந்தப் பக்கத்தில் நெடுநேரம் ஏதோ கேட்டது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். “இன்னும் துன்னல நைனா. போய்த் துன்னுவோம்.”

ஃபோனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “நாளைக்கு ஃபேக்டரியில ஐடி கார்டைத் திருப்பிக் குடுக்கணும். ஹாஸ்டல்ல மெத்தை, பக்கெட்டு எல்லாம் கெடக்குது. தூக்க வரியா?”

வருகிறேன் என்றேன். திருப்பதி வண்டி கூட்டத்தோடு வந்து நின்றது. இடம் பிடிக்க அவள் முன்னால் ஓடினாள்.